பழுதாகும் வன்தட்டு: எதை முதலில் வாசிப்பது, எதை விட்டுவிட்டுப் போவது?

வன்தட்டு ஒன்று பழுதாகத் தொடங்கினால் பெரும்பாலும் அது முதலில் தாமதமாகத்தான் வெளியே தெரியும். கோப்புறையொன்றைத் திறந்தால் மேலே உள்ள பச்சைக்கோடு ஊர்ந்து ஊர்ந்து போகும். வழமையாக ஒரு நிமிடத்தில் பிரதியாகும் வீடியோ அரை மணித்தியாலம் கழிந்தும் பாதியில் நிற்கும். கணினியில்தான் ஏதோ பிழை என்று நினைத்து அதை நிறுத்தி மறுபடியும் தொடக்குவோம். வேறொரு யூ.எஸ்.பி. துளையில் செருகிப் பார்ப்போம். கடைசியில், முக்கியமான எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தெரிவுசெய்து வேறொரு தட்டுக்குப் பிரதி போட்டுவிட்டுப் படுக்கப் போவோம். இந்தக் கடைசி வேலைதான், பார்ப்பதற்குப் பொறுப்பானதாகத் தெரிந்தாலும், பல தட்டுக்களை முடித்துவைக்கிறது.

கடந்த வருடம் வன்னியில் வேலைசெய்யும் மூத்த ஊடகவியலாளர் ஒருவரிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது. வலிந்து காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தை ஆரம்பித்த காலத்திலிருந்து அவர் எடுத்துவந்த நேர்காணல்கள் ஒரு டெராபைட் கொள்ளளவுள்ள வன்தட்டில் இருந்தன. இருந்த ஒரே பிரதி அதுதான். பேசியவர்களில் சிலர் இப்போது உயிரோடு இல்லை. பிள்ளை எங்கே என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காமலேயே போய்விட்டார்கள். அந்தத் தாய்மாரை மறுபடியும் பேசவைக்க எந்த ஊடகவியலாளராலும் முடியாது.

“தங்கச்சி, நேற்றுப் பின்னேரம் கொப்பி போட்டனான். விடிய எழும்பிப் பாத்தா இருவத்திமூண்டு ஜிபிதான் போயிருக்கு. இன்னும் மூண்டு நாளாகும் எண்டு காட்டுது. விடட்டோ?”

“வேண்டாம் அண்ணை. முதல்ல அதை நிப்பாட்டி வயரைக் கழட்டுங்கோ. பிறகு கதைப்பம்.”

யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981இல் எரிக்கப்பட்டதை நாங்கள் ஒவ்வொரு வருடமும் நினைவுகூருகிறோம், நினைவுகூரத்தான் வேண்டும். ஆனால் போருக்குப் பிந்தைய எங்களுடைய ஆவணங்களில் பெரும்பகுதி தனிப்பட்டவர்களின் மேசை லாச்சிகளுக்குள், ஐந்தாறு வருடம் பழைய வன்தட்டுக்களில் கிடக்கிறது. அவை அழிவதற்கு நெருப்பு தேவையில்லை. அதனால்தான் ஒரு தொழில்நுட்ப விடயத்தைச் சற்று விரிவாக எழுதலாம் என்று நினைத்தேன். நான் படித்தது ஊடகக் கற்கை, கணினி விஞ்ஞானம் அல்ல. கீழே சொல்லப்படுவதைப் புரிந்துகொள்ள அது தேவையும் இல்லை.

ஒரு செக்டருக்கு எத்தனை செக்கன்?

வன்தட்டுக்குள் கண்ணாடிபோல் மினுங்கும் வட்டத் தகடுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழல்கின்றன. அவற்றுக்கு மேலே, ஒரு மீற்றரின் நூறு கோடியில் சில பங்கு இடைவெளியில், வாசிப்புத் தலை மிதந்துகொண்டிருக்கிறது. தரவு சிறு சிறு செக்டர்களாக எழுதப்படுகிறது. இன்றைய தட்டுக்களில் ஒரு செக்டர் பெரும்பாலும் 4 கிலோபைட். ஒரு செக்டரை முதல் தடவையில் சரியாக வாசிக்க முடியாவிட்டால் தட்டு உடனே கைவிரிப்பதில்லை. மறுபடி வாசிக்கும், தலையைச் சற்று நகர்த்தி வாசிக்கும், மறுபடியும் வாசிக்கும். கணினிக்கு ஒன்றும் சொல்லாமலேயே இதைப் பல செக்கன்கள் செய்துகொண்டிருக்கும். வீட்டுப் பாவனைக்கான தட்டுக்கள் சில ஒரே செக்டருக்காக அரை நிமிடத்துக்கு மேலும் போராடும். நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்ட ஏற்பாடுதான். ஒரு செக்டர் மட்டும் கெட்டிருந்தால் அது காப்பாற்றிக் கொடுத்துவிடும்.

ஆயிரக்கணக்கில் கெட்டிருந்தால்தான் பிரச்சினை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆரோக்கியமான தட்டிலிருந்து செக்கனுக்கு 100 மெகாபைட் வாசிக்கலாம் என்றால், ஒரு டெராபைட் முழுவதையும் வாசிக்க 10,000 செக்கன், அதாவது மூன்று மணித்தியாலத்துக்கும் குறைவு. அதே தட்டில் ஒரேயொரு ஜிகாபைட் அளவான பகுதி முழுக்கப் பழுதாகி, ஒவ்வொரு செக்டரும் 10 செக்கன் இழுத்தடித்தால்? ஒரு ஜிகாபைட்டில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் செக்டர்கள். அந்த ஒரு ஜிகாபைட்டுக்கு மட்டும் ஒரு மாதம் போகும். மிச்சமுள்ள 999 ஜிகாபைட்டும் நல்லபடியாக இருந்தும், அந்தச் சகதிக்கு அப்பால் யாராலும் கையெட்ட முடியாமல் கிடக்கும்.

வின்டோஸின் சாதாரணப் பிரதி எடுப்பு இதைத்தான் செய்கிறது. கோப்புக்களை வரிசையாக எடுத்து, பழுதான இடத்தில் சிக்கி, அங்கேயே முட்டிமுட்டி நிற்கும். அந்த நேரமெல்லாம் தட்டு சுழன்றுகொண்டும் சூடாகிக்கொண்டும் இருக்கிறது. தகட்டில் கீறலோ துகளோ இருந்தால் வாசிப்புத் தலை அதன் மேலேயே நூற்றுக்கணக்கான தடவை போய்வருகிறது. ஒரு மாதம் தாக்குப்பிடிக்குமா, ஒரு மணித்தியாலத்தில் நின்றுவிடுமா என்று எவருக்கும் சொல்ல முடியாத தட்டில், அதன் மிச்ச ஆயுளை மிக மோசமான பகுதியில் கொண்டுபோய்ச் செலவழிக்கிறோம்.

ஆகவே மீட்பை வேகப்படுத்துவது என்றால் பழுதான இடத்தைத் தாண்டிப் போவதுதான். முதலில் இலகுவாகக் கிடைப்பதையெல்லாம் அள்ளிக்கொள்ள வேண்டும். இடறும் இடங்களைக் குறித்துவைத்துவிட்டு உடனே நகர வேண்டும். எல்லாம் கைக்கு வந்தபிறகு, தட்டு இன்னும் உயிரோடு இருந்தால், விட்டுவந்த இடங்களுக்குத் திரும்பிப் போகலாம். பழுதான தட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பெரும்பகுதி இவ்வளவுதான். மிச்சமெல்லாம் இதை நடைமுறைப்படுத்தும் விதம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. எங்களூரில் எந்தத் தட்டுப் பிரச்சினைக்கும் தொலைபேசியில் கிடைக்கும் முதல் ஆலோசனை “செக்டிஸ்க் போட்டுப் பாருங்கோ” என்பது. செய்யாதீர்கள். அது கோப்பு முறைமையை ஒழுங்காக்குவதற்கான கருவி. ஒழுங்காக்குவதற்காகத் தட்டிலேயே எழுதும். எங்கே சேர்ந்தது என்று தெரியாத பதிவுகளைக் கத்தரித்துவிடும். பழுதான செக்டர்களைத் தேடச் சொன்னால் முழுத்தட்டையும் வாசித்துத் தேய்க்கும். ஆரோக்கியமான தட்டில் கோப்பு முறைமை மட்டும் குழம்பியிருந்தால் அது நல்ல கருவிதான். செத்துக்கொண்டிருக்கும் தட்டில் அல்ல.

வீட்டில் தொடக்கூடாதவை

தட்டு “டிக், டிக்” என்று சீராக அடித்தால், கீழே விழுந்தபிறகு வேலைசெய்யாமல் போயிருந்தால், அல்லது கணினி அதை அடையாளமே காணாவிட்டால், மென்பொருளால் ஆகப்போவது ஒன்றுமில்லை. மின்சாரம் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் சேதம் கூடும். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து எடுத்தால் சரிவரும் என்று ஒரு பழைய கதை இன்னமும் உலாவுகிறது. எங்களுடைய ஈரப்பதனில் அப்படிச் செய்தால் தகட்டின் மேல் நீர்த்துளி படியும், வேறொன்றும் நடக்காது. தட்டைத் திறந்து பார்ப்பதும் அவ்வாறே. வாசிப்புத் தலையை மாற்றும் வேலை தூசியற்ற அறையில், பயிற்சி உள்ளவர்களால் செய்யப்படுவது. அந்த நிலையத்திலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: பி.சி. 3000 அல்லது டீப்ஸ்பார் போன்ற, தட்டின் உள்கட்டளைகளோடு நேரடியாகப் பேசும் கருவி வைத்திருக்கிறார்களா? பலவீனமான தலையை ஒதுக்கிவிட்டு, நல்ல தலைகள் தொடும் பரப்பை முதலில் வாசித்தெடுக்க அத்தகைய கருவிகளால் முடியும். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாஸாவில் கணினிக் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் கணினி விற்பதும் திருத்துவதும் வேறு, தரவு மீட்பது வேறு.

அண்ணையின் தட்டு அடிக்கவில்லை, விழவும் இல்லை. தாமதம் மட்டும்தான். இருந்தாலும் கடைக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் யோசித்தோம். தடுத்தது பணம் மாத்திரமல்ல. அந்தத் தட்டில் முகங்கள் இருக்கின்றன, ஊர்கள் இருக்கின்றன, யார் வந்து பிடித்துக்கொண்டு போனார்கள் என்று பெயர் சொல்லிப் பேசிய குரல்கள் இருக்கின்றன. காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்கள் கண்காணிக்கப்படுவது குறித்து ஐ.நா. மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகத்தின் அறிக்கைகள் திரும்பத் திரும்பச் சொல்லிவந்திருக்கின்றன. தெரியாத ஒரு கடையில், தெரியாத ஒருவரின் கணினியில், இந்த வீடியோக்கள் சரியாக ஓடுகின்றனவா என்று திறந்து பார்க்கப்படுவதை அந்தத் தாய்மார் அனுமதித்திருப்பார்களா? கெமராவுக்கு முன்னால் இருந்தபோது அவர்கள் நம்பியது அண்ணையை மட்டும்தான். மூலத்தைப் பாதுகாக்கும் கடமை வன்தட்டு பழுதாகும்போது நின்றுவிடுவதில்லை.

செய்தது என்ன

முதல் வேலை, தட்டை அதன் யூ.எஸ்.பி. பெட்டியிலிருந்து கழற்றியது. வெளியே காவிச்செல்லும் தட்டுக்கள் பலவற்றுள் இருப்பது மடிக்கணினியில் இருப்பதைப் போன்ற சாதாரண சாட்டா தட்டுத்தான். இடையில் மொழிபெயர்ப்பாளராக ஒரு சிறிய சிப் இருக்கிறது. தட்டு ஒரு செக்டரில் போராடிக்கொண்டிருக்கும்போது இந்தச் சிப் குழம்பி, முழுத்தட்டையும் துண்டித்துவிடும். நேரடியாக மேசைக்கணினியின் சாட்டா இணைப்பில் கொளுவினால் இந்த அலைச்சல் இல்லை. எல்லாப் பெட்டிகளையும் இப்படித் திறக்கலாம் என்று எண்ணிவிடாதீர்கள். சிலவற்றில் யூ.எஸ்.பி. துளை தட்டின் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். இன்னும் சிலவற்றில் அந்தச் சிப்தான் தரவைக் குறியாக்கம் செய்கிறது. அவற்றைப் பெட்டியோடு வைத்தே வேலைசெய்ய வேண்டும்.

இரண்டாவது, வின்டோஸை விட்டு விலகியது. தட்டைச் செருகியவுடனேயே வின்டோஸ் அதை ஆராயத் தொடங்கும். தேடல் அட்டவணை போடும், வைரஸ் தடுப்பான் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்க்கும், சிறு படங்கள் தயாரிக்கும். அத்தனையும் தட்டின் ஆயுளிலிருந்து எடுக்கப்படும் கடன். நாங்கள் சிஸ்டம் ரெஸ்கியூ என்ற இலவச லினக்ஸை ஒரு பென் டிரைவில் போட்டு அதிலிருந்து கணினியைத் தொடக்கினோம். பழுதான தட்டைத் திறக்கவேயில்லை. திறக்காமலே, அடியிலிருந்து செக்டர் செக்டராக வாசிக்கலாம். தட்டு தன்னைப் பற்றி வைத்திருக்கும் ஸ்மார்ட் குறிப்பை மட்டும் ஒருமுறை பார்த்தோம். அதில் 5, 197, 198 ஆகிய மூன்று இலக்க வரிகள் முக்கியமானவை. முறையே மாற்றப்பட்ட செக்டர்கள், சந்தேகத்துக்குரிய செக்டர்கள், வாசிக்கவே முடியாதவை. 197ஆம் வரியில் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் இருந்தது. போதும், வேறு பரிசோதனை எதுவும் வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

பிரதி போவதற்குப் பழுதான தட்டைவிடப் பெரிய, நல்ல தட்டொன்று வேண்டும். அது லினக்ஸின் சொந்தக் கோப்பு முறைமையில் தயாராக இருந்தால் நல்லது. ஃபாட் 32 முறையில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாதென்பதால் அது சரிவராது. ஒரு சிறிய மேசை மின்விசிறியைத் தட்டுக்கு நேரே வைத்தோம். பெரும்பாலான தட்டுக்களுக்கு 60 பாகை செல்சியஸ்தான் உச்ச வரம்பு. வவுனியாவின் மத்தியான வெயிலில், தகரக்கூரை அறையில், தட்டு அந்த வரம்பை நோக்கித் தானாகவே நடக்கும்.

பிறகு டிடிரெஸ்கியூ. அந்தோனியோ தியாஸ் தியாஸ் என்பவர் 2004இலிருந்து பராமரித்துவரும் இலவச மென்பொருள் இது. ஏறக்குறைய இதே பெயரில் வேறொருவர் எழுதிய இன்னொரு மென்பொருளும் இருப்பதால் பலர் குழம்புகிறார்கள். ஜிஎன்யூ என்ற முன்னொட்டோடு வருவதுதான் நான் சொல்வது. உபுண்டுவில் அதன் பொதி ‘ஜிடிடிரெஸ்கியூ’ என்று முன்னால் ஒரு ‘ஜி’யோடு இருக்கும்.

இதன் உயிர்நாடி ‘மேப் ஃபைல்’ என்ற ஒரு சின்னஞ்சிறிய குறிப்புக்கோப்பு. எந்தப் பகுதி வாசிக்கப்பட்டது, எது தாண்டப்பட்டது, எது தோற்றது என்பதெல்லாம் அதில் பதிவாகிக்கொண்டே இருக்கும். வேலை இடையில் நின்றாலும் அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஏற்கெனவே வாசித்ததைத் திரும்பத் தொடாது. 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்ட நாடு இது. 2025 பெப்ரவரியில் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததற்கே முழு நாடும் இருளில் மூழ்கியது. அந்தக் குறிப்புக்கோப்பு இல்லாமல் இங்கே யாரும் இந்த வேலையைத் தொடங்கக்கூடாது. யூ.பி.எஸ். இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் திடீர் மின்தடை தட்டுக்கும் கெடுதி.

டிடிரெஸ்கியூ வேலைசெய்யும் ஒழுங்கு மேலே சொன்ன தத்துவம்தான். முதற்கட்டத்தில் 64 கிலோபைட் துண்டுகளாக வாசித்துக்கொண்டு போகும். ஓரிடத்தில் இடறினால் கொஞ்சத் தூரம் பாய்ந்து அப்பால் போகும். அங்கும் இடறினால் பாய்ச்சலின் தூரத்தை இரட்டிப்பாக்கும். இப்படித் தட்டின் கடைசிவரை போய், பிறகு பின்னிருந்து முன்னாகத் திரும்பிவரும். ஒரு பழுதான பகுதியை இரண்டு கரையிலிருந்தும் நெருங்கினால் அதன் எல்லை சுருங்கும். அடுத்த கட்டத்தில் அந்த எல்லைகளைச் செதுக்கும். அதற்கடுத்து உள்ளே செக்டர் செக்டராகச் சுரண்டும். கடைசியாகத்தான், நாங்கள் கேட்டால் மட்டும், தோற்றவற்றை மறுபடி முயலும்.

வேகம் இழுபட்டால் தொட்டுப் பார்க்க வேண்டிய தெரிவுகள் சிலவே. சுரண்டும் கட்டத்தை இப்போதைக்கு விட்டுவிடு என்ற தெரிவு முதலாவது. முதல் ஓட்டத்துக்கு எப்போதும் இதைப் போடுங்கள். இரண்டாவது, நேரடி வாசிப்பு. இது லினக்ஸின் இடைநினைவகத்தைத் தாண்டித் தட்டிடம் போகும். இல்லாவிட்டால் ஒரு செக்டரைக் கேட்டால் லினக்ஸ் முன்யோசனையாக அக்கம்பக்கத்தையும் சேர்த்துக் கேட்டு, பழுதில் தானும் மோதி, தன் பங்குக்கு மறுபடியும் முயன்றுகொண்டிருக்கும். மூன்றாவது தெரிவுதான் அண்ணையின் தட்டில் ஆகக்கூடிய வித்தியாசத்தை ஏற்படுத்தியது: குறைந்தபட்ச வாசிப்பு வேகம். தோற்ற இடத்தை மட்டும் தாண்டினால் போதாது. தோற்காமல், ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று நான்கு செக்கன் எடுத்து இறுதியில் கொடுத்துவிடும் பகுதிகள் இருக்கின்றன. பிழைச்செய்தி வராததால் மென்பொருள் அங்கேயே பொறுமையாக உட்கார்ந்திருக்கும். செக்கனுக்கு ஒரு மெகாபைட்டுக்குக் கீழே போனால் தாண்டு என்று சொல்லிவிட்டால் அந்தப் பகுதிகளும் பிறகுக்குத் தள்ளப்படும்.

தட்டின் பிடிவாதத்தையே குறைக்க முடியுமா என்றும் பார்த்தோம். சில தட்டுக்களில், ஒரு செக்டருக்காக எவ்வளவு நேரம் போராடலாம் என்பதற்கு வரம்பு விதிக்கலாம். வலையமைப்புச் சேமிப்பகங்களுக்கான தட்டுக்களில் அது பெரும்பாலும் 7 செக்கனாகவே வரும். மின்சாரத்தை நிறுத்தினால் அமைப்பு மறந்துபோகக்கூடும், ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கொடுக்க வேண்டும். அண்ணையின் தட்டு அந்தக் கட்டளையை ஏற்கவில்லை. மடிக்கணினித் தட்டுக்கள் பல ஏற்பதில்லை. தட்டு உள்ளுக்குள் போராடும்போது டிடிரெஸ்கியூவால் அதை இடைமறிக்கவும் முடியாது, பதில் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். எச்டிடி சூப்பர்குளோன் என்ற இன்னொரு லினக்ஸ் மென்பொருள் தட்டோடு நேரடியாகப் பேசி, நேரம் கடந்தால் அதை மீளத்தொடக்கும் வசதியைக் கொண்டிருக்கிறது. அது ஒரு படி மேலான கருவி, பிழையாகப் பாவித்தால் ஆபத்தும் கூட. எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

தேவைப்படாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு டெராபைட் தட்டில் அண்ணை பாவித்திருந்தது ஏறத்தாழ 640 ஜிகாபைட்தான். வெறும் இடத்தை ஏன் வாசிக்க வேண்டும்? வின்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் எந்த இடம் பாவனையில் உள்ளது என்ற வரைபடமும், கோப்புக்களின் பெயர்ப்பட்டியலான பெரிய அட்டவணையும் தட்டிலேயே இருக்கின்றன. அந்த அட்டவணை பெரும்பாலும் பகிர்வின் தொடக்கத்திலிருந்து மூன்று ஜிகாபைட் தூரத்தில் ஆரம்பிக்கும். ஆகவே முதல் சில ஜிகாபைட்டை முதலில் வாசித்தெடுத்தோம். அட்டவணை இல்லாமல் தரவு மட்டும் வந்தால், அட்டை கிழிந்த புத்தகங்களைப் போலப் பெயரில்லாத ஆயிரம் கோப்புக்கள்தான் மிஞ்சும். பிறகு பார்ட்குளோன் என்ற கருவி, பாவனையிலுள்ள இடங்களின் பட்டியலை டிடிரெஸ்கியூவுக்குப் புரியும் வடிவில் எழுதிக் கொடுத்தது. அந்தப் பட்டியலுக்குள் மட்டும் வாசி என்று சொன்னோம். வேலையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் அங்கேயே குறைந்துவிட்டது.

நாலரை மணித்தியாலத்தில் 638 ஜிகாபைட் வந்து சேர்ந்தது. முதல்நாள் இரவு முழுக்க ஓடி 23 ஜிகாபைட்டில் நின்ற அதே தட்டு. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணை ஒன்றும் பேசவில்லை, எழும்பிப்போய் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். மிச்சமிருந்த இரண்டு ஜிகாபைட்டுக்குத்தான் பொறுமை தேவைப்பட்டது. தட்டை ஆறவிட்டு, அடுத்தநாள் சுரண்டும் கட்டத்தை ஆரம்பித்தோம். இடையிடையே நிறுத்தி ஆறவிட்டதைச் சேர்க்காமல் நாற்பது மணித்தியாலம் ஓடியது. கடைசியில் வாசிக்க முடியாமல் போனது 9 மெகாபைட். மறுபடி முயலும் கட்டத்தை ஒரு தடவை மட்டும் கொடுத்துப் பார்த்தோம். சில கிலோபைட்தான் கூடுதலாகக் கிடைத்தது. அத்தோடு நிறுத்தினோம்.

இதற்குப் பிறகான எல்லாம் பிரதியின் மீதுதான் நடக்க வேண்டும், பழைய தட்டை இனித் தொடுவதில்லை. பிரதியில் கோப்பு முறைமை குழம்பியிருந்தால் டெஸ்ட்டிஸ்க், பெயர்களே போய்விட்டிருந்தால் ஃபோட்டோரெக் என இரண்டு இலவசக் கருவிகள் இருக்கின்றன. எந்தெந்தக் கோப்புக்கள் காயப்பட்டன என்று அறியவும் ஒரு எளிய வழி உண்டு. டிடிரெஸ்கியூவின் நிரப்பும் முறையைப் பாவித்து, வாசிக்க முடியாமல் போன இடங்களில் மட்டும் ஏதாவது ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதச் சொல்ல வேண்டும். பிறகு அந்தச் சொல் எந்தக் கோப்புக்களுக்குள் இருக்கிறதென்று தேடினால் பட்டியல் வந்துவிடும். அண்ணையின் தட்டில் பதினான்கு கோப்புக்கள். ஒன்பது சினிமாப் பாடல்களும் பழைய நிகழ்ச்சிப் படங்களும். மிச்சம் ஐந்தும் நேர்காணல்கள்.

ஒரு கோப்பு காயப்பட்டது என்றால் அது போய்விட்டது என்று அர்த்தமில்லை. 48 கிலோஹேட்ஸில் பதியப்பட்ட சாதாரண இரட்டைத்தட ஒலிப்பதிவில் 4 கிலோபைட் என்பது ஒரு செக்கனின் நூறில் இரண்டு பங்கு. பேச்சில் ஒரு எழுத்தைச் சொல்லி முடிக்கும் நேரத்தை விடவும் குறைவு. வீடியோவில் படம் சற்றுச் சதுரம் சதுரமாகச் சிதறி, அரை செக்கனில் தேறிவிடும். நான்கு நேர்காணல்கள் அப்படித்தான் வந்தன. ஒன்றில், முள்ளிவாய்க்காலில் மகனைக் கையளித்த இடத்தை ஒரு அம்மா சொல்லும்போது படம் மூன்று தடவை உடைகிறது. குரல் உடையவில்லை.

இதேயளவு சேதம் வேறுவிதமான தட்டில் வேறுவிதமாக முடிந்திருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். பாதுகாப்புக்காக வெராகிரிப்ட் போன்றவற்றால் தட்டு முழுவதையும் குறியாக்கம் செய்திருப்பவர்கள் எங்களில் இருக்கிறார்கள், இருக்கவும் வேண்டும். அத்தகைய தட்டைப் பிரதி எடுப்பதில் டிடிரெஸ்கியூவுக்கு எந்தச் சிக்கலும் இல்லை, அது உள்ளே இருப்பதைப் பார்ப்பதேயில்லை. ஆனால் பாவனையிலுள்ள இடத்தை மட்டும் வாசிக்கும் குறுக்குவழி அங்கே செல்லாது, வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே ஒரே இரைச்சல். முழுத்தட்டையும் வாசிக்கத்தான் வேண்டும். திறவுகோல் விபரம் இருக்கும் தலைப்பகுதி போய்விட்டால் மிச்சம் நூறு வீதம் வந்தாலும் பயனில்லை. வெராகிரிப்ட் அதன் இன்னொரு பிரதியைக் கடைசியில் வைத்திருக்கிறது. ஆகவே தட்டின் தலையையும் வாலையும் முதலில் வாசித்தெடுத்துவிடுங்கள். எஸ்.எஸ்.டி.க்களின் கதை முற்றிலும் வேறு, இங்கே சொன்ன கணக்குகள் அதற்குப் பொருந்தாது.

ஐந்தாவது நேர்காணல் இன்னும் திறக்கவில்லை. எம்பி4 கோப்புக்களில் எந்தப் படம் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை, பதிவு முடிந்தபிறகுதான் எழுதப்படும். அதனால் பெரும்பாலும் அது கோப்பின் வாலிலேயே இருக்கும். இந்தக் கோப்பில் பழுது விழுந்தது சரியாக அந்த இடத்தில். 47 நிமிடப் பேச்சு முழுவதும் பத்திரமாக இருக்கிறது, ஆனால் எந்த மென்பொருளுக்கும் அதை எங்கிருந்து தொடங்குவதென்று தெரியவில்லை. அன்ட்ரங்க் என்ற கருவி இந்த அட்டவணையை மறுபடி கட்டித்தரும். அதற்கு அதே வகைக் கருவியில், அதே அமைப்பில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் காட்ட வேண்டும். மற்ற நான்கும் அண்ணையின் கெமராவில் எடுத்தவை. இதை மட்டும், அன்று கெமராவின் பற்றரி தீர்ந்துவிட்டதால், போராட்டக் கொட்டகையில் நின்ற ஒரு தம்பியின் கையடக்கத் தொலைபேசியில் எடுத்திருக்கிறார். தம்பி இப்போது பிரான்ஸில். தொலைபேசியை எப்போதோ விற்றுவிட்டாராம். எந்த மாதிரி என்று மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறார். அதே மாதிரித் தொலைபேசி, பழுதானதென்றாலும் கெமரா வேலைசெய்யும் ஒன்று, வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள திருத்தும் கடைகளில் கிடைக்குமா என்று அண்ணை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.